மட்டக்குதிரைக் குட்டி தாயைப் பிரியும் படக்கதை: முடிவுப் பகுதியை எப்படி அமைப்பது?

1. அலையோசை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்காகத் தமிழில் ஒரு படக்கதைப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீடு மாறுவது, பள்ளி மாறுவது, பழகிய முகங்களைப் பிரிவது ஆகியவற்றை ஒரு மட்டக்குதிரைக் குட்டியின் வாழ்க்கை வழியாகச் சொல்ல வேண்டும் என்பது என் நோக்கம். உரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் முடிவைப் படித்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வதால், குழந்தை இலக்கியத்தில் ஈடுபாடு உள்ள உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

நாங்கள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கிறோம். மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் கடற்கரையை ஒட்டி அசட்டீக் என்னும் நீண்ட மணல்தீவு கிடக்கிறது. அதன் வர்ஜீனியப் பகுதியில் திரியும் மட்டக்குதிரைகள் பக்கத்துத் தீவிலுள்ள ஷிங்கோட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமானவை. அவை மேயும் இடம் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்பதால், வளர்ந்த குதிரைகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டக் கூடாது என்ற வரையறை இருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் ஒரு புதன்கிழமை, நீரோட்டம் அடங்கியிருக்கும் வேளை பார்த்து, மந்தையை நடுவிலுள்ள கால்வாயில் இறக்கி நீந்தவிட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். மறுநாள் குட்டிகள் ஏலம் விடப்படுகின்றன; வெள்ளிக்கிழமை பெரிய குதிரைகள் தீவுக்கு நீந்தித் திரும்புகின்றன. 1925 முதல் தீயணைப்புப் படை நடத்திவரும் இந்த நிகழ்ச்சி, உலகப் போர்க் காலத்திலும், கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும்தான் நின்றது.

என் கதையில் ஒரு பெண்குட்டி தாயோடு நீந்தி வருகிறது, விற்கப்படுகிறது, வண்டியில் ஏறித் தொலைதூரப் பண்ணைக்குப் போகிறது, வாடுகிறது, புதிய நண்பனைக் கண்டடைகிறது, கடைசிப் பக்கத்தில் மகிழ்ச்சியாக ஓடுகிறது. இதைப் படித்த ஒருவர், தாயையும் சேர்த்து வாங்கியதாக எழுதிவிடச் சொன்னார். வளர்ந்த குதிரைகளை அங்கே விற்பதில்லை என்பதால் அது பொய்யாகிவிடும். இன்னொருவர், ஏலத்தில் எடுப்பவர் விலையைக் கொடுத்துவிட்டுக் குட்டியைத் தீவிலேயே வாழ விட்டுவிடும் வழக்கம் இருக்கிறதே, அதை வைத்து முடிக்கலாம் என்றார். மந்தை குறைந்துவிடாமல் இருக்க ஒவ்வோர் ஆண்டும் சில குட்டிகளை அப்படித் திருப்பி அனுப்புவது உண்மைதான். மிகச் சிறிய குட்டிகளாக இருந்தால், ஜூலையில் விற்றாலும் தாயோடு தீவுக்கே அனுப்பி, அக்டோபரில் மந்தையை மறுபடி திரட்டும்போது ஒப்படைக்கும் வழக்கமும் இருக்கிறது. இவற்றில் எந்த முடிவு குழந்தைக்கு நேர்மையானது? இன்னொன்று, குட்டி பேசலாமா?

2. மழலைக்கூடம்

வணக்கம், அலையோசை. மழலையர் வகுப்பில் பல ஆண்டுகளாகக் கதை வாசித்து வருபவள் என்ற முறையில், முடிவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கதையின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வீடு மாறும் குழந்தை தன் அம்மாவுடன்தான் புது வீட்டுக்குப் போகிறது. உங்கள் குட்டியோ அம்மாவையே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் ஆற்ற நினைக்கும் பயத்தைக் காட்டிலும் பெரிய பயம் ஒன்றைக் கதையே கொண்டுவந்து குழந்தையின் முன்னால் வைத்துவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தை "புது இடத்தில் குட்டி பழகிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாது. "வேறு ஊருக்குப் போனால் அம்மா வர மாட்டாள்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு கடைசிப் பக்கத்தில் குட்டி எவ்வளவு துள்ளி ஓடினாலும் அந்தக் குழந்தை முந்தைய பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தீவுக்கே திரும்பும் முடிவையும் நான் ஏற்க மாட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த குழந்தைக்கு அந்த வீடு திரும்பக் கிடைக்கப் போவதில்லை. பொறுமையாக இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு புத்தகம் சொன்னால், குழந்தை பொறுமையாகக் காத்திருக்கும். ஒன்றும் நடக்காதபோது தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும். என் வகுப்பில் இடையில் வந்து சேர்ந்த ஒரு சிறுவன், பழைய பள்ளியின் அடையாள அட்டையைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது பழைய பள்ளி போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள ஒரு துணை. அதை மறைக்கும் கதை இல்லை.

3. லாயத்து மருத்துவர்

குதிரைகளோடு பல காலம் பழகிய கால்நடை மருத்துவன் என்பதால் இந்த இழையில் நுழைகிறேன். ஆசிரியை அம்மா எழுப்பிய கேள்விக்குக் குதிரையின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குதிரைக்குட்டி பிறந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் எழுந்து நிற்க முயலும் பிராணி. முதல் சில வாரங்களிலேயே தாயைப் பார்த்துப் புல்லைக் கடிக்கக் கற்றுக்கொள்கிறது. முதலில் தாயின் விலாவை ஒட்டியே நிற்கும். வாரங்கள் செல்லச் செல்ல மற்றக் குட்டிகளோடு ஓடி விளையாடும் தொலைவு கூடும். பால் குடிக்கும் வேளைகள் குறையும். பண்ணைகளில் பொதுவாக நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்குடியை மறக்கச் செய்கிறார்கள். தன்போக்கில் வாழும் மந்தையில் அது இன்னும் நீளும். அடுத்த குட்டி பிறக்கப் போகும் காலம் நெருங்கும்போதுதான் தாய் மெல்ல ஒதுக்கத் தொடங்குகிறது. அப்போதும் குட்டி மந்தையை விட்டுப் போவதில்லை, தாயின் அருகிலேயே மேய்கிறது. இரண்டு மூன்று வயதாகும்போது பெரும்பாலான இளங்குதிரைகள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போய்விடுகின்றன. ஆகவே தாயை விட்டு விலகுவது குதிரையின் இயல்பிலேயே இருக்கிறது. மனிதர்கள் செய்வது அதை முன்கூட்டியே, சட்டென்று நடத்துவதுதான். அந்தச் சட்டென்ற தன்மைதான் துன்பம் தருகிறது.

அது எப்படிப்பட்ட துன்பம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உரையில் "வாடுகிறது" என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுகிறீர்கள். பிரிக்கப்பட்ட குட்டி உரக்கக் கனைக்கும். கனைத்த பிறகு பதில் வருகிறதா என்று காதுகளை முன்னுக்கு நிறுத்திக் கேட்கும். வேலியை ஒட்டி மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். தீனியில் மனம் செல்லாது, படுத்து ஓய்வெடுப்பது குறையும். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு உயர்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வுகள் இரண்டு, பால் மறந்த குட்டிகளோடு தாயல்லாத பெரிய குதிரைகளை விட்டுவைத்தால் இந்தத் தவிப்பு குறைகிறது என்று காட்டின. சம வயதுக் குட்டிகளை மட்டும் கூட்டிவைத்தபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஆகவே உங்கள் கதையின் "புதிய நண்பன்" இன்னொரு குட்டியாக இருப்பதைவிட, அந்தப் பண்ணையிலேயே நெடுங்காலம் வாழ்ந்த ஒரு வயதான பெட்டைக்குதிரையாக இருப்பது நல்லது. அது குட்டியை விளையாட அழைக்காது. தன் பாட்டில் மேய்ந்துகொண்டிருக்கும், குட்டி அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அக்டோபர்க் குட்டிதான் உங்கள் கதை. ஜூலையில் விற்கப்பட்டும் தாயோடு தீவுக்குத் திரும்பும் குட்டிக்கு ஒரு பருவம் முழுவதும் மிச்சமிருக்கிறது. அந்தப் பருவத்தில் அது வளர்வதைக் காட்டினால், அக்டோபரில் வரும் பிரிவு களவு போனது போலத் தெரியாது.

4. அலையோசை

மருத்துவர் ஐயாவுக்கும் மழலைக்கூடம் அவர்களுக்கும் மிக்க நன்றி. அக்டோபர்ப் பாதையை நான் ஒரு நடைமுறை விவரமாகத்தான் வைத்திருந்தேன். கதையின் முதுகெலும்பே அதுவாக இருக்க முடியும் என்பது இப்போது தெரிகிறது. இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாசிக்கும் குழந்தைக்கு வரப்போகும் மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். வீட்டைக் காலி செய்யும் தேதி பெற்றோருக்கு மட்டும் தெரிந்து, குழந்தைக்குக் கடைசி நாளில் தெரியவருவதுதான் எங்கள் சுற்றத்தில் வழக்கமாக நடக்கிறது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. தீவில் வளர்ந்த குட்டிக்குப் பண்ணையில் தாயைத் தவிர வேறு என்னென்ன மாறும்?

5. லாயத்து மருத்துவர்

வாய்க்குள் போவதெல்லாம் மாறும். அசட்டீக் குதிரைகளின் முக்கிய உணவு உப்புச் சதுப்பில் வளரும் முரட்டுப் புல். அந்த உப்பின் காரணமாக அவை பண்ணைக் குதிரைகளைப்போல இரு மடங்குக்கும் மேலாக நல்ல தண்ணீர் குடிக்கின்றன. அவற்றின் வயிறு எப்போதும் உப்பித் தெரிவதற்கு அதுவே காரணம், பார்ப்பவர்கள் சினை என்று நினைத்துக்கொள்வார்கள். பண்ணையில் காய்ந்த புல்லின் மணம் வேறு. தண்ணீர் குளத்தில் இருக்காது, வாளியில் இருக்கும். குனிந்து குடிக்கும்போது வாளியின் விளிம்பு கண்ணுக்குக் கீழே சுற்றுப்புறத்தை மறைக்கும்; எதிரிக்கு அஞ்சி வாழும் பிராணிக்கு அது சிறிய விஷயம் இல்லை. தலைக்கு மேல் கூரை வரும். அலைச் சத்தம் நின்றுபோகும். குதிரைக்கு இரு பக்கமும் கண் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும். லாயத்துச் சுவர் அந்த வட்டத்தை வெட்டிவிடும்.

ஆறுதலுக்கும் ஒரு குறிப்பு தருகிறேன். இணக்கமான இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்களால் மெல்லக் கோதிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டின் கமார்க் குதிரைகளிடம் அதே இடத்தை மனிதர்கள் சொறிந்துவிட்டுப் பார்த்தபோது இதயத் துடிப்பு குறைந்ததாக 1993-இல் ஓர் ஆய்வு வெளியானது. வேறு இடத்தில் சொறிந்தபோது அவ்வாறு குறையவில்லை.

6. தூரிகைக்காரி

படம் வரைபவளின் பார்வையிலிருந்து எழுதுகிறேன். ஐயா கடைசியாகச் சொன்ன அந்த இடத்தைக் கதையில் மூன்று முறை வரையலாம் என்று தோன்றுகிறது: தீவில் தாய் கோதுகிறது, பண்ணையில் முதல் நாட்களில் அந்த இடம் யாரும் தொடாமல், மணலும் புல் துணுக்கும் ஒட்டியபடி இருக்கிறது, பிறகு ஒரு நாள் வயதான பெட்டைக்குதிரை கோதுகிறது. உரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது. குழந்தையே கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டட்டும். படக்கதையில் எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும்; இரண்டும் ஒரே செய்தியைச் சொன்னால் ஒன்று வீண்.

குதிரைக்குக் கண்ணீர் வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புருவம் வரைந்து உதட்டை வளைத்துச் சோகம் காட்டுவது எளிது, ஆனால் காதுகளே போதும். முன்னோக்கிய காது, பின்னுக்குச் சாய்ந்த காது, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பிய காது என்று இந்த மூன்றை முதல் சில பக்கங்களில் குழந்தை பார்த்துப் பழகிவிட்டால், வண்டிக்குள் நிற்கும் குட்டியின் காதைக் கண்டதும் அதன் மனநிலை புரிந்துவிடும்.

புத்தகம் வழக்கமான 32 பக்கம்தானே? தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக, ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். முதல் வரைவில் பண்ணை ஒன்பதாவது இரட்டைப் பக்கத்தில் வந்து பதினான்கில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று ஊகிக்கிறேன். அக்டோபர்ப் பாதைக்கு மாற்றினால் தீவுக்கு அதிக இடம் போகும், பண்ணைக்கு நான்கோ ஐந்தோதான் மிஞ்சும். அது நல்லதே. அங்கே முழு மகிழ்ச்சி வரை போக இடமே இருக்காது. வாளியில் தண்ணீர் குடிக்கும் அளவுக்குத்தான் போக முடியும்.

தீவுப் பக்கங்களில் வரைவதற்கு எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தாலே கை பரபரக்கிறது. கோடையில் கடிக்கும் ஈக்களிடமிருந்து தப்பிக்க அந்தக் குதிரைகள் கடல் அலைக்குள் இறங்கி நிற்குமாமே! முதுகில் உண்ணிக்கொக்குகள் உட்கார்ந்திருக்கும். வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான தோல். சதுப்புப் புல் ஜூலையில் பச்சை, அக்டோபரில் பொன்னிறம். பருவம் போவதைத் தேதி போடாமலே காட்டிவிடலாம்.

7. கதிர்முகம்

எல்லாரும் ஒரே திசையில் போவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். இரண்டு சிறு பிள்ளைகளுக்கு இரவு தவறாமல் கதை சொல்லும் தகப்பன் நான். குட்டி பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேசும் விலங்குகள் இல்லாத கதை மரபு நம்மிடம் இல்லை. காகமும் நரியும் பேசியதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை. கார்ட்டிசால், காதின் கோணம், வாளியின் விளிம்பு என்று போனால் நல்ல ஆவணப்படம் வரும், இரவு ஒன்பது மணிக்கு மடியில் படுத்திருக்கும் குழந்தை "அம்மா எங்கே?" என்று கேட்கும் குட்டியின் குரலைத்தான் தேடும். தன்னால் சொல்ல முடியாததை இன்னொருவர் வாயால் கேட்பது குழந்தைக்குப் பெரிய விடுதலை. குட்டியை ஊமையாக்கினால் அந்த விடுதலையைப் பறித்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். தமிழ்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் மட்டக்குதிரையை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சவாரிக்காக நிற்கும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு உப்புச் சதுப்பும் தீயணைப்புப் படையும் எட்டாத உலகம். குட்டியின் குரல் ஒன்றுதான் அவர்களை உள்ளே அழைத்துச் செல்லும்.

8. நாற்றிசை

கதிர்முகம் அவர்களின் கருத்தில் பாதியை ஆதரித்தும் பாதியை மறுத்தும் எழுதுகிறேன். குழந்தை உளவியல் என் படிப்புத் துறை.

2017-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நான்கிலிருந்து ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் செய்த ஆய்வை இங்கே நினைவுகூரலாம். பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையைச் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும், சிலருக்கு மனிதரைப் போல உடுத்திப் பேசும் விலங்குகளோடும் வாசித்துக் காட்டினார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்டவர்கள் பிறகு தங்களிடமிருந்த ஒட்டுப்படங்களை முன்பைவிட அதிகமாக மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. ஆனால் விலங்குக் கதையைக் கேட்டவர்களிலும், அந்த விலங்குகளுக்கு மனிதத் தன்மை இருப்பதாக அதிகம் எண்ணிய குழந்தைகள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், விலங்குகளை மனிதரைப்போல் பேசவைத்த புத்தகங்களிலிருந்து குழந்தைகள் அந்த விலங்குகளைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே கற்றார்கள் என்று தெரியவந்தது.

இதிலிருந்து பேசும் விலங்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காகமும் நரியும் பேசும் கதையில் காகம் எப்படி வாழ்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க முனைவதில்லை. அது வேறு வகைக் கதை. அலையோசை எழுதுவது உண்மையான ஒரு தீவில், உண்மையாக நடக்கும் ஒரு பிரிவைப் பற்றியது. அந்தக் குட்டி முழு வாக்கியமாகப் பேசத் தொடங்கிய உடனே, அதனிடம் குழந்தைகள் நியாயமாகவே கேட்பார்கள்: "நீ ஏன் அவர்களிடம் போக மாட்டேன் என்று சொல்லவில்லை?" பேசத் தெரிந்தும் விற்கப்பட்ட ஒரு உயிரின் கதை, நீங்கள் நினைப்பதைவிடக் கொடியதாகிவிடும்.

ஆனால் குரல் வேண்டும் என்று கதிர்முகம் சொல்வது சரியே. கனைப்பு ஒரு குரல்தானே? பக்கத்தில் பெரிய எழுத்தில் கனைப்பு மட்டும் இருக்கட்டும். வாசிக்கும் பெரியவர் கனைத்துக் காட்டுவார், குழந்தையும் சேர்ந்து கனைக்கும். தாயின் பதில் வரும் பக்கங்கள், பதில் வராத பக்கங்கள் என்று பிரித்துவைத்தால் கதை முழுவதும் அந்த ஒரே ஒலியில் நிற்கும்.

9. கதிர்முகம்

விற்கப்பட்ட உயிர் பேசினால் என்னாகும் என்ற கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. அது வலுவான வாதம். கனைப்பைக் குழந்தையே எழுப்பும் என்றால் எனக்கு நிறைவுதான், மடியில் கிடக்கும் பிள்ளைக்கு அதைவிட நெருக்கமான குரல் வேறு எதுவும் கிடையாது. ஆனாலும் புது இடத்தைப் பற்றிய ஓரிரு வரிகளாவது குட்டியின் மனத்துக்கு உள்ளிருந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "தண்ணீரில் உப்பு இல்லை. காற்றில் உப்பு இல்லை" என்ற அளவில் இருந்தாலும் போதும். அது பேச்சாகவும் ஆகாது, வெறும் தகவலாகவும் நிற்காது.

10. நெய்தல்நிலா

ஏலத்தைப் பற்றி யாரும் நேராகப் பேசவில்லையே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன். ஒரு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விலை கூவி விற்பதை அழகான வண்ணத்தில் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமா? இந்த நிகழ்ச்சியை விலங்கு நல ஆர்வலர்கள் பலர் கண்டித்து வருகிறார்கள். அதே தீவின் மேரிலாந்துப் பகுதியில் குதிரைகளை யாரும் திரட்டுவதில்லை, விற்பதும் இல்லை. அங்கே அவை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. 1994 முதல் பல ஆண்டுகள் பெட்டைக்குதிரைகளுக்குத் தொலைவிலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்து எண்ணிக்கையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மாநில எல்லையில் ஒரு வேலி. அதற்கு இந்தப் பக்கம் பிறந்த குட்டி விற்கப்படுகிறது, அந்தப் பக்கம் பிறந்தது தீவிலேயே வாழ்கிறது. இந்த வேறுபாடு தெரிந்த பிறகு, ஏலத்தைத் திருவிழாவாக வரைய எனக்கு மனம் ஒப்பவில்லை.

11. லாயத்து மருத்துவர்

நெய்தல்நிலா அவர்களின் கவலை நியாயமானது, மறைக்க வேண்டியதும் இல்லை. மறுபக்கத்தையும் பதிவு செய்வது நேர்மை என்பதால் சொல்கிறேன். ஏலத்தில் வரும் பணம் ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படையையும் அந்தக் குதிரைகளின் மருத்துவத்தையும் தாங்குகிறது. ஆண்டில் சில முறை மந்தையைத் திரட்டிக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அந்தச் சிறிய சதுப்பு தாங்காது என்பதும் உண்மை. எனினும் சில மாதமே ஆன குட்டிகளைச் சட்டென்று பிரிப்பதை மருத்துவனாக நான் விரும்புவதில்லை. அக்டோபர்வரை காத்திருக்கும் குட்டியைப் பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

12. மழலைக்கூடம்

ஏலத்தை மறைத்துவிட்டால் "ஏன் போனது?" என்ற கேள்விக்குப் புத்தகத்தில் விடை இருக்காது. விடை இல்லாத இடத்தில் நான்கு வயதுக் குழந்தை தன் சொந்த விடையைப் போட்டுக்கொள்ளும்: குட்டி சேட்டை செய்தது, அதனால் அனுப்பிவிட்டார்கள். எனவே காரணம் ஒரு வரியில் நேராக வர வேண்டும். தீவு சிறியது, புல் கொஞ்சம், எல்லாக் குட்டிகளும் அங்கேயே வளர முடியாது. அதைச் சொன்ன பிறகு ஏலத்தைக் கொடிகளோடும் பலூன்களோடும் வரையத் தேவையில்லை. குட்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் அங்கே தெரிவது மனிதக் கால்கள்தான்.

13. தூரிகைக்காரி

கால்கள் மட்டும் தெரியும் இரட்டைப் பக்கம்! அதை இன்றே பென்சிலில் போட்டுப் பார்க்கிறேன். ரப்பர்ச் செருப்புகள், சேற்றுக் காலணிகள், ஒரு குழந்தையின் வெறுங்கால். அந்த வெறுங்கால் குழந்தைதான் அக்டோபரில் பண்ணையில் நிற்கிறது என்று வைத்தால், குட்டி ஏற்கெனவே பார்த்த ஒரே ஒரு பொருள் புது இடத்தில் இருக்கும். அலையோசைக்குச் சம்மதமா?

14. அலையோசை

முழுச் சம்மதம். இரண்டு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசித்து, உரையை மறுபடி எழுதி வருகிறேன். இப்போதைய அமைப்பு இதுதான்.

முதல் ஐந்து இரட்டைப் பக்கங்கள் தீவில் நடக்கின்றன: பிறப்பு, சதுப்புப் புல், ஈக்களுக்குத் தப்பி அலையில் நிற்பது, கனைப்பும் பதிலும். பிறகு நீச்சல்; அது சில நிமிடங்களில் முடியும் காரியம் என்பதால் ஒரே ஓர் இரட்டைப் பக்கம்தான். பார்வையாளர்களுக்கு அதுதான் உச்சம், குட்டிக்கு அப்படி இல்லை, தாயின் விலா பக்கத்தில் இருக்கிறது. அடுத்து மனிதக் கால்கள், காரணம் சொல்லும் ஒரு வரி. அதன் பின் மூன்று இரட்டைப் பக்கங்களில் மறுபடி தீவு: புல் நிறம் மாறுகிறது, குட்டி தாயிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மேய்கிறது, கனைப்புக்குப் பதில் தொலைவிலிருந்து வருகிறது. அக்டோபரில் வண்டி. கடைசி மூன்று இரட்டைப் பக்கங்களில் பண்ணை. அவற்றில் முதலாவதில் பதில் வராத கனைப்பு. இரண்டாவதில் கதிர்முகம் கேட்ட உப்பில்லாத் தண்ணீரும் உப்பில்லாக் காற்றும், வேலியோரம் நடந்து நடந்து பதிந்த தடமும். மூன்றாவதில் வயதான பெட்டைக்குதிரையின் பக்கத்தில் குட்டி நின்று மேய்கிறது. அது ஓடவில்லை, துள்ளவில்லை. "இன்று அது வேலியோரம் கொஞ்ச நேரம்தான் நடந்தது" என்பதுதான் உரையின் கடைசி வரி. வாடிய குழந்தையிடம் "எப்போது சரியாகும்?" என்று யாரும் கேட்டுவிடாதபடி அந்த வரி காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

அம்மாவைப் பிரியும் பயத்தைப் பற்றி மழலைக்கூடம் அவர்கள் எழுப்பிய கேள்வி இதனால் முழுதாகத் தீர்ந்துவிடாது. ஆகவே வீடு மாறும் குழந்தைக்கு மட்டும் என்று இந்தப் புத்தகத்தை அறிவிக்கப் போவதில்லை. முதல் முறை பள்ளிக்குப் போகும் குழந்தை, தாத்தா பாட்டியிடம் சில காலம் விடப்படும் குழந்தை ஆகியோருக்கும் உரியதாக இருக்கட்டும்.

15. மழலைக்கூடம்

இந்த அமைப்பில் என் எதிர்ப்பு பெரும்பாலும் போய்விட்டது. வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோளை மட்டும் எங்காவது சேர்த்துவிடுங்கள். பதில் வராத கனைப்புப் பக்கத்தில் பெரியவர்கள் அவசரப்பட்டு "பயப்படாதே, அடுத்த பக்கத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிப் புரட்டிவிடுவார்கள். அங்கே நிறுத்தி, "குட்டி இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது?" என்று குழந்தையிடம் கேட்க வேண்டும். குழந்தை பதில் சொல்லாவிட்டாலும் அவசரமில்லை. பதிலாக மறுபடி கனைத்தால் கூடவே கனைக்கலாம்.

16. ஏடகம்

பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆசிரியை கேட்ட குறிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கான குறிப்புகளைப் பதிப்பகங்கள் வழக்கமாகப் பின்பக்கத்தில் அச்சிடுகின்றன. எங்கள் நூலகத்தில் நான் பார்த்தவரை அதைக் கதை முடிந்த பிறகுதான் படிக்கிறார்கள், அல்லது படிப்பதே இல்லை. இந்தப் புத்தகத்தில் அட்டையைத் திறந்தவுடன் இடப்பக்கத்தில் மூன்று வரியில் போடுங்கள்: குட்டி தாயைப் பிரியும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், கனைப்புப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரே இரவில் இரண்டு முறை வாசிக்கக் குழந்தை கேட்டால் வாசிக்கச் சொல்லுங்கள். தீவின் வரைபடமும் தீயணைப்புப் படையின் வரலாறும் பின்பக்கத்தில் இருக்கட்டும். அவற்றைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தாங்களே தேடிப் படிப்பார்கள். மாதிரிப் பிரதி தயாரானதும் அனுப்புங்கள், சனிக்கிழமைக் கதை நேரத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு எந்தப் பக்கத்தில் குழந்தைகள் எங்களை நிறுத்தினார்கள் என்று எழுதுகிறேன்.